ஏழுக்கு மேல் வலி கிடையாது

விளையாட்டு வீரர் நலக் கழகத்தின் விடுதியில் நான்கு மாதங்களாக ஒரு பிள்ளைக்குக்கூடக் காயம் படவில்லை. வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார்கள்: ‘காயமில்லாத நாட்கள் – 119’. எண்ணை மட்டும் தினமும் காலையில் காவலாளி மாற்றுவார். மாற்றிவிட்டு, மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டியவர்களும் ஒரு காலை இழுத்து நடப்பவர்களுமாக மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளைத் தலை எண்ணி அனுப்புவார்.

காயம் படாததற்குக் காரணம் எளிமையானது. காயத்தை எழுதிக்கொள்ளப் படிவம் இல்லை.

முன்பு ஒன்று இருந்தது. வெளிநாட்டில் தயாரானது, வெளிநாட்டு மொழியிலேயே இருந்தது. பிள்ளைகள் புரியாமல் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். குத்துச்சண்டைப் பையன் ஒருவன் தனக்கு மாதவிடாய் தள்ளிப்போவதாக மூன்று மாதம் தொடர்ந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கழகம் விழித்துக்கொண்டது. படிவத்தை நம் மொழிக்குக் கொண்டுவரக் குழு அமைத்தார்கள். முதல் குழு மொழிபெயர்த்தது. மூலத்தைக் கண்ணால் பார்த்திராத இரண்டாவது குழு அதை மறுபடியும் வெளிநாட்டு மொழிக்குக் கொண்டுபோனது. மூன்றாவது குழு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து வருத்தப்பட்டது. வலியை வலி என்று எழுதலாமா வேதனை என்று எழுதலாமா என்பதற்கு மட்டும் ஐந்து கூட்டங்கள் நடந்தன. ஐந்தாவது கூட்டத்துக்குக் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட உயரம் தாண்டும் பெண், வலிக்கிறது என்றுதான் சொல்வோம் என்றாள். அவளுக்கு நன்றி தெரிவித்து, முடிவை ஆறாவது கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

இப்படிப் பதினான்கு மாதத்தில் புதிய படிவம் பிறந்தது. பிறந்ததை உடனே பயன்படுத்திவிட முடியாது. அதை நம்பலாமா என்று சோதிக்க வேண்டும். சோதனை முடியும்வரை பழைய படிவம் செல்லாது, புதிய படிவம் நடப்புக்கு வராது. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் காயமில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

லிஃப்ட்காரருக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருப்பவர். அவருடைய ஒரே மகள், பதினைந்து வயது, எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், இரண்டு ஆண்டாக அந்த விடுதியில் தங்கியிருந்தாள். மாதக் கடைசியில் தேசிய முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் வரவிருந்தது. இப்போதைய நேரத்தை வைத்துப் பார்த்தால் அவள் மூன்றாவது என்று பயிற்சியாளரே சொல்லியிருந்தார். அன்று முதல் வீட்டில் அந்த மூன்றாவது இடம் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி உட்கார்ந்திருந்தது. பள்ளிச் சீருடை தைக்கிற மனைவி, முகாமுக்குப் போகும்போது மகளுக்கு எத்தனை ஜோடி கால்சட்டை வேண்டியிருக்கும் என்று துணி வெட்டுகிற மேசையிலேயே கணக்குப் போட்டாள். முகாமில் அவர்களே உடுப்புக் கொடுப்பார்கள் என்று அவர் சொன்னதற்கு, அவர்கள் தைப்பதெல்லாம் ஒரு தையலா என்று கேட்டாள்.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு இருவரும் விடுதிக்குப் போனார்கள். மகள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். கம்பி வடம் முனகுவதைக் கீழ்த்தளத்திலிருந்தே கேட்டு இன்ன மாடியில் கோளாறு என்று சொல்கிறவர் லிஃப்ட்காரர். ஆறாவது படியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

இடது காலின் முன்னெலும்பில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு இடம். அம்மா விரல் வைத்ததும் மகள் துள்ளிவிட்டாள். மூன்று வாரமாக இருக்கிறது. ஓட ஆரம்பிக்கும்போது குத்தும், ஓட ஓட மரத்துவிடும், படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும். தைலம் வாங்கி வந்திருந்தால் தேய்த்துவிட்டிருக்கலாம். வாங்கி வந்துதான் இருந்தார்கள். பத்து நாளைக்குத் தைலம், ஒத்தடப் பை, மாத்திரை எதுவும் உள்ளே போகக் கூடாது என்று சுற்றறிக்கை இருப்பதாகச் சொல்லிக் காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் விடுதி மருத்துவரைத் தேடிப் போனார். மருத்துவர் நல்ல மனிதர். அறை சுத்தமாக இருந்தது. நான்கு மாதமாக யாரும் படுக்காத பரிசோதனைக் கட்டிலின் மேல் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. மகளைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று லிஃப்ட்காரர் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"நான் பார்க்கலாம். பார்த்தா என்னன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா எழுதியாகணும். எழுதப் படிவம் இல்லை. அதனால பார்க்கிறதில்லை. ஒரு டாக்டரா இருந்துக்கிட்டு பார்க்காம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாதுங்க."

லிஃப்ட்காரருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த அறையில் புள்ளியியலாளர் இருப்பதாகவும், சோதனை விவரம் அவருக்குத்தான் தெரியும் என்றும் மருத்துவர் வழி காட்டினார்.

புள்ளியியலாளர் பெற்றோர் யாரும் தன்னைத் தேடி வந்ததேயில்லை என்று மகிழ்ந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். படிவத்தைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு கேள்விகள். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஒருமுறை நிரப்பிவிட்டார்கள். அதிலிருந்து பத்தாம் நாள், திங்கட்கிழமை, அதே படிவத்தை மறுபடியும் நிரப்புவார்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் படிவம் நம்பத்தக்கது. நடுவில் பிள்ளைகள் மாறக் கூடாது, அவ்வளவுதான். ஓய்வு கொடுத்தால் வலி குறையும். மருந்து கொடுத்தால் வலி குறையும். குறைந்தால் பதில் மாறும். பிள்ளைக்குக் குணமானால் பழி படிவத்தின் மேல் விழும்.

மோசமானால் என்ன செய்வது என்று லிஃப்ட்காரர் கேட்டார். மோசமாகாது என்று எடுத்துக்கொண்டிருப்பதாகவும், எடுத்துக்கொண்ட செய்தி ஆய்வுத் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் இருப்பதாகவும் அவர் சொன்னார்.

"ரெண்டு தடவையும் பொய் சொன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"ஒரே பொய்யா, வேற வேற பொய்யா?"

"ஒரே பொய்."

"அப்ப நம்பகத்தன்மை நூத்துக்கு நூறு," என்றார் புள்ளியியலாளர். "உண்மையா பொய்யாங்கிறது தனி ஆய்வுங்க. அதுக்கு அடுத்த வருஷம் குழு போடுறோம்."

ஒன்பதாவது கேள்வியை அவர் தனியாகச் சுட்டிக் காட்டினார். ‘கடந்த வாரம் பனிச்சறுக்குப் பயிற்சியில் காயத்தால் எத்தனை மணி நேரம் இழந்தீர்கள்?’ அந்த ஊரில் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே யாரும் பனிக்கட்டியைப் பார்த்ததில்லை. ஆனால் மூலத்தில் உள்ள கேள்வியை எடுக்க வேண்டுமென்றால் மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும், அவர் பனிச்சறுக்கு மலையில் ஓய்வில் இருக்கிறார். எடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. முன்னோட்டச் சோதனையில் ஒரு பிள்ளைகூட மாற்றிச் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான். படிவத்திலேயே சிறந்த கேள்வி என்று கழகத்தின் ஆண்டறிக்கையில் பாராட்டியிருந்தார்கள்.

மகளின் படிவ நகல் ஒன்றையும் அவர் அன்போடு கொடுத்தனுப்பினார். ஆறாவது கேள்வி, ‘வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்து வரை.’ மகள் ஏழு போட்டிருந்தாள்.

படிக்கட்டுக்கு அடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஏன் ஏழு என்று அவர் கேட்டார். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது இது. எட்டும் அதற்கு மேலும் போட்டால் கடுமையான வலி. கடுமையான வலியோடு ஒரு பிள்ளையை ஆய்வில் வைத்திருப்பது பாவம் என்று நெறிமுறைக் குழு விதி எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளையை உடனே ஆய்விலிருந்து நீக்கிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சையில் இருக்கிற பிள்ளை பயிற்சிக்கு வராது. பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு விடுதியில் கட்டில் கிடையாது. முன்னோட்டத்தில் எட்டு போட்ட நான்கு பேரின் கட்டிலில் இப்போது வேறு நான்கு பேர் படுத்திருந்தார்கள். பயிற்சியாளர் யாரையும் எதுவும் போடச் சொல்லவில்லை. அந்த நான்கு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் காலை வரிசையில் நிறுத்திச் சொன்னார். அதிலிருந்து விடுதியில் ஏழுக்கு மேல் யாருக்கும் வலி கிடையாது.

"நிஜமா எவ்வளவு பாப்பா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "ஒன்பதரை இருக்கும்ப்பா. காலையில மட்டும் பத்து."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தையல் இயந்திரத்தில் உட்காரவில்லை. நாளைக்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றாள். பட்டியல் என்ன ஆவது என்று அவர் கேட்டார். ஆய்விலிருந்து பாதியில் விலகினால் பட்டியலில் பெயர் இருக்காது என்று சம்மதப் பத்திரத்திலேயே இருந்தது. பதினாறு பக்கச் சம்மதப் பத்திரம். முதல் பக்கத்தில், பங்கேற்பது முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரில் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், விருப்பமில்லாதவர்கள் ஏழு நாளில் விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"உங்க லிஃப்ட்ல வடம் நாலு இழை பிரிஞ்சு கிடந்தா, பத்து நாள் ஓட்டிப் பார்ப்பீங்களா?"

"அது லிஃப்ட்டு."

"ஆமா. அதுல யாரோ ஏறுவாங்க. அதனால நிறுத்துவீங்க. இவ நம்ம பொண்ணுதானே, ஓடட்டும்."

சாயங்காலம் மகளே போனில் கூப்பிட்டாள். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது, ஒரு வாரம்தான், தான் பார்த்துக்கொள்வதாக அழுதாள். இரண்டு வருடமாகத் தினமும் விடிவதற்கு முன் எழுந்தவள். அவளுக்காகத்தான் பொறுக்கிறோம் என்று அவர் மனைவியிடம் சொன்னார். அவள் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அந்த முதுகுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

இயக்குநரைப் பார்த்துவிட்டால் ஏதாவது நடக்கும் என்று அவர் நம்பினார். வாரநாளில் பெற்றோருக்கு அனுமதி கிடையாது. ஆனால் கழகத்தின் நான்கு மாடி லிஃப்டுக்கு மாதப் பராமரிப்பு உண்டு. அந்த மாதம் அது அவரோடு வேலை செய்கிற இன்னொருவருடைய முறை. இரண்டு ஆஸ்பத்திரிகளையும் ஒரு ஜவுளிக் கடையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, கழகத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கினார். புதன்கிழமை பதினொரு மணிக்கு, கையில் கருவிப் பெட்டியோடு லிஃப்டுக்குள் நின்றிருந்தார். இயக்குநர் ஏறினார். அறை நான்காவது மாடியில். மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட்காரர் கதவோரப் பெட்டியைச் சாவியால் திறந்து ஒரு சுவிட்சைத் தட்டினார். லிஃப்ட் நின்றது.

அவர் வாழ்க்கையில் ஓடுகிற லிஃப்டை வேண்டுமென்று நிறுத்தியது அது ஒரே தடவை.

பழுது என்று நினைத்த இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து படிவ நகலை எடுத்து, தன் மகள் இன்னார், கால் இப்படி, ஒரு டாக்டர் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று திக்கித் திணறிச் சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை. மேடையில் நிற்பது மாதிரி நிமிர்ந்துகொண்டார். லிஃப்டுக்குள் வேறு யாரும் இல்லாவிட்டாலும் அவர் பார்வை லிஃப்ட்காரரின் தலைக்கு மேல் ஏதோ கூட்டத்தைப் பார்த்தது.

"உங்க பொண்ணைக் குணமாக்கினா ஒரு பொண்ணுக்குத்தான் குணமாகும். இந்தப் படிவம் வந்துட்டா, இனி வரப்போற ஆயிரக்கணக்கான பிள்ளைங்களோட வலியை நாம அளந்துடுவோம். அளந்ததுக்கப்புறம் அதை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கலாம். வலியைப் போக்குறது யார் வேணும்னாலும் செய்வாங்க. ஒரு பாட்டில் தைலம் போதும். அதை மாறாம வெச்சிருக்கிறதுக்குத்தான் ஒரு கழகம் தேவைப்படுது. அதுக்கு உங்க மாதிரி பெற்றோர் ஒத்துழைக்கணும்."

லிஃப்ட்காரர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, கிண்டலாக இல்லை, உண்மையாகவே யோசனை கேட்பது மாதிரி சொன்னார்: "அப்ப இந்த லிஃப்டையும் இப்படியே விட்டுடலாம் சார். பத்தாம் நாளும் இதே இடத்துல நிக்குதான்னு வந்து பார்க்கிறேன்."

"என்னய்யா பேசற," என்றார் இயக்குநர். "உள்ளே மனுஷன் இருக்கேன்."

லிஃப்ட்காரர் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சுவிட்சைத் தட்டிவிட்டார். லிஃப்ட் நான்காவது மாடியில் சமமாக, ஒரு அங்குலம் ஏற்ற இறக்கமில்லாமல் நின்று கதவைத் திறந்தது. இயக்குநர் வேலையைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அவர் மறந்துவிடவில்லை. பிற்பகலிலேயே உத்தரவு வந்தது. குறிப்பிட்ட வீராங்கனையின் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். கவலை தொற்றக்கூடியது. தொற்றினால் பதில் மாறும். ஆகவே இரண்டாம் நிரப்பல் முடியும்வரை பெற்றோர் சந்திப்பு, தொலைபேசி இரண்டும் நிறுத்தப்படுகின்றன. வீராங்கனை வழக்கமான பயிற்சியில் ஒரு சுற்றுக்கூடக் குறைக்காமல் ஓடுவதை உறுதிப்படுத்த ஆய்வு உதவியாளர் ஒருவர் மைதானத்திலேயே அமர்வார். ஆய்வு உதவியாளர் புதிதாகச் சேர்ந்த பெண். குடை பிடித்துக்கொண்டு ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்து, மகள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். மகள் முகத்தைப் பார்க்காமல் காலணியை மட்டும் பார்த்துக் கோடு போடப் பழகிக்கொண்டதாக அந்தப் பெண் பின்னால் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் நாள், கணவனும் மனைவியும் விடுதிக்குப் போனார்கள். உள்ளே விடவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்து, ஓடுபாதையின் வளைவை ஒட்டிய கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே நேர ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. மகள் ஐந்தாவது ஆளாக வந்தாள். அவள் ஐந்தாவதாக வந்து அவர்கள் பார்த்ததேயில்லை. முதல் சுற்றில் அவர்களைக் கடந்தபோது அவள் சிரிக்க முயன்றாள்.

மனைவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். ஒன்பது நாள் பொறுத்தாகிவிட்டது, நாளைக்கு ஒரு நாள்தானே என்று அவர் சொன்னார். அவர் சொல்லி முடித்ததற்கும் மகள் இரண்டாவது தடவை வளைவுக்கு வந்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இருக்காது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம் வேலிக்கு வெளியே கேட்டது. மகள் விழுந்தாள். ஆய்வு உதவியாளர் கோடு போட நோட்டைத் திறந்தபடி எழுந்து நின்றுவிட்டாள்.

லிஃப்ட்காரர் வேலி ஏறிக் குதித்தார். காயமில்லாத விடுதியில் தூக்குப்படுக்கை இல்லை. அவரும் உதவியாளரும் மேசைப் பலகை ஒன்றில் அவளைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வாசலில் காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டு, சந்திப்புத் தடை செய்யப்பட்ட பெற்றோர் உள்ளே இருந்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர் படத்தை விளக்குப் பெட்டியில் சொருகினார். எலும்பு இரண்டாகியிருந்தது. ஒரு மாதமாகவே கீறல் இருந்திருக்கிறது, மூன்று வாரம் ஓடாமல் இருந்திருந்தால் தானாகக் கூடியிருக்கும் என்றார். இனித் தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும். ஒரு வருடம் ஆகும். அதற்குப் பிறகு ஓட முடியுமா என்பதை அப்போது பார்க்கலாம். யாரும் முன்னாடியே காட்டவில்லையா என்று அவர் கேட்டபோது, மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் விளக்குப் பெட்டியைப் பார்த்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. பத்தாம் நாள். காலை பத்து மணிக்கு ஆய்வு உதவியாளர் வார்டுக்கு வந்தாள். முதல் தடவை நிரப்பிய அதே மணிக்கு நிரப்ப வேண்டும் என்பது விதி. கண் வீங்கியிருந்தது. வரமாட்டேன் என்று சொன்னதாகவும், வராவிட்டால் வேலையில் நிரந்தரமாக்க மாட்டோம் என்று கழகத்தில் சொன்னதாகவும் யாரும் கேட்காமலே சொன்னாள். படிவத்தையும் பேனாவையும் படுக்கையில் வைத்துவிட்டு, பதிலில் குறுக்கிடக் கூடாது என்பதால் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

மகள் பேனாவை எடுத்தாள். பெயர், வயது, விளையாட்டு. பனிச்சறுக்கில் பூஜ்யம். வலி காரணமாகப் பயிற்சியைக் குறைத்ததுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டாள், அது உண்மைதான். ஆறாவது கேள்விக்குத் திரும்பி வந்து நிறுத்தினாள்.

"அப்பா, போன தடவை ஏழுதானே போட்டேன்?"

அவர் சட்டைப் பையில் நகல் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எட்டு போட்டால் பெயர் போய்விடும். பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. பெயர் இருந்தால், கால் சரியாகும்வரை இடத்தை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் நடக்காது என்று அவருக்குத் தெரியும். தகடு வைக்கப்போகிற காலோடு, விடிந்ததும் மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் அவள் முதலில் கேட்டாள் என்பதும் தெரியும். அந்தக் கண்ணைப் பார்த்து அவரால் வேறு எண் சொல்ல முடியவில்லை.

"ஏழுதாம்மா," என்றார்.

அவள் ஏழைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் நன்றாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கழகத்தின் அரங்கில் முடிவு அறிவிக்கும் விழா. பட்டியலும் அங்கேதான் வாசிப்பார்கள் என்பதால் லிஃப்ட்காரர் போனார். புள்ளியியலாளர் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு கேள்விக்கும் எழுத்து மாறாமல் பதில் சொன்ன பிள்ளை மொத்த ஆய்விலும் ஒன்றே ஒன்றுதான், நல்ல வளர்ப்பு என்று தழுதழுத்தார். பதில் ஒத்துப்போகாத பிள்ளைகள் இருந்தார்களா என்று லிஃப்ட்காரர் கேட்டார். ஆறு பேர் இருந்தார்கள், அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்த பிறகு எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள் என்று பதில் வந்தது.

இயக்குநர் பேசினார். படிவம் நம்பத்தக்கது என்று நிரூபணமாகிவிட்டது. இன்று முதல் நடப்புக்கு வருகிறது. வலியின் எந்த அளவில் பயிற்சியை நிறுத்துவது என்பதையும் ஆய்வே தீர்மானித்துக் கொடுத்துவிட்டது. "இத்தனை பிள்ளைகளில், இரண்டு முறையும், ஒருவர்கூட ஏழைத் தாண்டவில்லை. மூலப் படிவம் உருவான நாட்டில் எட்டு, ஒன்பது, பத்தெல்லாம் சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட வலி வருவதேயில்லை. இது நம் மண்ணின் மன உறுதி. ஆகவே ஏழுவரை நமக்கு இயல்பு நிலை. பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை." அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு பட்டியல். மூன்றாவது பெயர் அவர் மகளுடையது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் லிஃப்ட்காரரும் கைதட்டினார். தட்டிய பிறகு கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

புதிய படிவத்தின்படி வழங்கப்பட்ட முதல் உடல்தகுதிச் சீட்டையும் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறுவை முடிந்து மூன்றாம் நாள். மகள் கால் தலையணை மேல் உயரமாக இருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, முகாமுக்கென்று தைத்த கால்சட்டையின் இடது காலைக் கட்டுக்கு ஏற்றபடி பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் வந்ததா என்று மகள் கேட்டாள். வந்தது என்றார். அவள் முகம் ஒரு கணம் ஓடுகிறவளின் முகமாகி, பிறகு தலையணையைப் பார்த்து மங்கியது.

மனைவி அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தாள். ‘வலி: ஏழு. இரு முறையும் உறுதிசெய்யப்பட்டது. நிலை: இயல்பு. திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்கு வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குச் செல்லும்.’ இரண்டு தடவை படித்தாள். கத்தரிக்கோலை மடியிலிருந்து எடுத்துக் கட்டில் ஓரம் வைத்தாள்.

"எலும்பு ரெண்டா கிடந்தப்ப வலி ஏழுன்னு சொன்னது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் மகள் அவசரமாக.

"இல்ல," என்றார் அவர். "அவ கேட்டா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

வார்டில் எதிர்க் கட்டிலுக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. மனைவி கத்தவில்லை. சீட்டை நான்காக மடித்து, அவர் சட்டைப் பையில், படிவ நகல் இருந்த அதே பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்ப திங்கக்கிழமை அஞ்சரைக்கு நீங்களே போய் ஓடுங்க. மூணாவது இடம். சின்னச் சுற்றா ஓடாதீங்க, கோடு போடுவாங்க."

அப்பா பெரிய வயிற்றோடும் கருவிப் பெட்டியோடும் அந்த வளைவில் ஓடி வருவதை நினைத்தோ என்னவோ, மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்ததிலிருந்து அவள் சிரிக்கவில்லை. அடக்கப் பார்த்து, முடியாமல், உடம்பு குலுங்கி, குலுங்கியதில் கால் அசைந்து, சட்டென்று கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்தது.

அவர் குனிந்து, ரொம்ப வலிக்கிறதா பாப்பா என்று கேட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"பத்துப்பா."